நீலப் புள்ளி வைத்த இராணிகள்

மெலிஸ் தேநீரை அரைக்கிண்ணம்தான் ஊற்றினான்; அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவன். எங்கள் பக்கத்தில் அரைக்கிண்ணம் என்றால் ‘இருங்கள், மறுபடியும் ஊற்றுகிறேன்’ என்று பொருள். விளிம்புவரை நிரப்பினால் ‘குடித்துவிட்டுக் கிளம்புங்கள்’ என்று பொருள்.

ஆனால், காவல் அதிகாரியாக அவன் எழுதிய என் வாக்குமூலத்தில் மரியாதைக்கு உரியது எதுவும் இல்லை. ‘இராணிகள் கொல்லப்பட்டுவிட்டது’ என்று தொடங்கியிருந்தான். பன்மைக்கு ஒருமை; போதாக்குறைக்கு, கொன்றவன் யார் என்பதே வாக்கியத்தில் இல்லை. ஏழாம் வகுப்பில் அவனுக்குக் கிர்கிஸ் மொழி கற்பித்தவன் நான். தாளை வாங்கிக்கொண்டேன். இனி வருவது முழுவதும் என் கையெழுத்து. இராணிகளை நான் கொன்றேன்.

என் மகள் புருல், கரகோல் நகருக்கு மேலே மலைச்சரிவில் உள்ள தேனீ ஆய்வு நிலையத்தில் பணிபுரிகிறாள். பூச்சிகளின் மூளையில் டோபமின் என்னும் பொருள் சென்று பொருந்துகிற ஏற்பிகளை இனத்துக்கு இனம் ஒப்பிடுவது அவள் வேலை. அவள் எழுதுவது ருஷ்ய மொழியில். அறிக்கை கிர்கிஸ் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த மொழிபெயர்ப்பைத் திருத்துபவன் நான். பொருள் புரியாமல் திருத்துவது எனக்கு வழக்கமில்லை. ஆகவே கேட்டேன், விளக்கினாள். டோபமின் ஒரே சாவிதான். பூட்டுகள்தாம் வேறு வேறு. பழ ஈக்கு ஒரு பூட்டு திறந்தால் பாடம் ஏறுகிறது, இன்னொன்று திறந்தால் ஏறியது மறக்கிறது. என் மாணவர் பலருக்கு இரண்டாவது பூட்டு மட்டுமே வாய்த்திருந்தது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. சிள்வண்டுக்கும் தேனீக்கும் தண்டனையைக் கற்பிப்பது அந்தச் சாவியே. ஒரு வாசனையைக் காட்டிச் சிறிய மின்னதிர்ச்சி கொடுத்தால், அடுத்த முறை அவ்வாசனையை விட்டு விலகிவிடும். ஒழுங்கான பூச்சிகள் என்று மகிழ்ந்தேன்.

அடுத்த பக்கத்தில் எனக்குச் சினம் மூண்டது. இளந்தேனீக்கள் இராணியின் அருகில் இருக்கும்வரை தண்டனையைக் கற்பதே இல்லையாம். இராணியின் வாசனையில் உள்ள ஒரு பொருள், டோபமினுக்கு உரிய பூட்டில் தானே சென்று உட்கார்ந்துகொள்கிறதாம். எத்தனை முறை அதிர்ச்சி கொடுத்தாலும் பிள்ளைக்கு உறைக்காது. வயிற்றுவலி, பனிப்பொழிவு, காணாமற்போன குதிரை என்று எத்தனையோ சாக்குகளைக் கேட்டுச் சலித்தவன் நான். தாயின் வாசனையை ஒரு சாக்காக ஆராய்ச்சி அறிக்கையில் அன்றுதான் கண்டேன்.

இது பெருங்குறை என்று சொன்னேன்.

“குறை இல்லப்பா. ராணியப் பாத்துக்கிற வயசு அது. அவமேல பயம் வந்துட்டா அவளுக்கு யாரு ஊட்டுவா? வெளிய போற வயசுல தானாக் கத்துக்கும்,” என்றாள் புருல்.

தானாக. அந்தச் சொல்லை நான் எவருடைய விடைத்தாளிலும் மன்னித்ததில்லை.

செப்டம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆண் தேனீக்கள் கூட்டைவிட்டு விரட்டப்படும் பருவம் அது. புதிய இராணி பிறந்தாலும் இணை கிடைக்காது. அவசரத்தில் செய்துவிட்டான் என்று எவரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். புருல் ஒரு கூட்டத்துக்காகத் தலைநகர் பிஷ்கேக் சென்றிருந்தாள். மற்றவர்கள் மதிய உணவுக்குப் போனதும் தேனீப் பெட்டிகளைத் திறந்தேன். அடையாளத்துக்காக ஒவ்வோர் இராணியின் முதுகிலும் நீலப் புள்ளி வைத்திருந்தாள். நேர்த்தியான வேலை, நான் வளர்த்த நேர்த்தி. பெருவிரல் நகமே போதுமானதாக இருந்தது. ஒரு பெட்டியையும் விடவில்லை. வகுப்பில் நான் பாரபட்சம் காட்டியதில்லை. இரண்டொரு நாள் கழித்து, அவளுடைய கருவியிலேயே இளந்தேனீக்களைச் சோதித்தேன். அனைத்தும் தேர்ச்சி.

இராணியை இழந்த பெட்டி ரீங்கரிப்பதில்லை, முனகுகிறது. ஊர் திரும்பிய புருல் ஒவ்வொரு பெட்டியிலும் காது வைத்துக் கேட்டாள். பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காகத் தேடி அவள் சேர்த்த வம்சங்கள் அவை, குளிர்காலத்தைத் தாண்டமாட்டா. அவளுடைய ஆய்வும் அவற்றோடு முடிந்தது. தேர்ச்சி விவரத்தை அவளிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை.

“அம்மாவும் இப்பிடித்தான் முனகுனாங்க. கதவுக்கு அந்தப் பக்கம்,” என்றாள்.

மெலிஸ் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கவில்லை. முழுமை கருதி எழுதுகிறேன். சிறுமியாக இருந்தபோது, நான் அளவுகோலை எடுத்தால் புருல் ஓடிப்போய்த் தாயின் பாவாடையில் மூக்கைப் புதைத்துக்கொள்வாள். அங்கிருந்து சிரிப்பாள். சிரிக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது. ஆகவே என் மனைவியை நரினில் இருந்த அவளுடைய அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். பனிக்காலத்தில் ஒருமுறை வந்து கதவருகே நின்றாள். பாடம் நடந்துகொண்டிருந்ததால் நான் திறக்கவில்லை. திரும்பிப் போனவள் பனி உருகுவதற்குள் இறந்துவிட்டாள். அன்றைய குளிரில் நின்றதுதான் காரணம் என்றான் அண்ணன். அவன் பேச்சில் எப்போதும் மிகை உண்டு. வசந்தத்துக்குள் புருல் வாய்பாடு முழுவதையும் கற்றுவிட்டாள். அன்றுமுதல் என் முன்னிலையில் அவள் ஒரு பிழையும் செய்ததில்லை. தேவையற்ற சிரிப்பும் நின்றுவிட்டது.

இவ்விடத்தில் மெலிஸ் என் தோளுக்கு மேலாகப் படித்தான். இன்னும் என்னை ‘அகாய்’, அதாவது ஆசிரியரே, என்றுதான் அழைக்கிறான்.

“அகாய், உங்க கிளாஸ்ல நான் ஒழுங்காக் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். உங்க பூட்ஸ் சத்தம் எவ்வளவு தூரத்துல வருதுன்னு.”

இதைவிடச் சிறந்த சான்று ஓர் ஆசிரியனுக்குத் தேவையில்லை.

இவ்வரியை முடிக்கும்போது புருலும் வந்துவிட்டாள். புகார் எதுவும் எழுதித் தரப்போவதில்லை என்று மெலிஸிடம் சொன்னாள். என் மகள் அல்லவா. என் குளிர்கால மேலங்கியையும் துணிகள் அனைத்தும் அடங்கிய பெட்டியையும் மறவாமல் கொண்டுவந்து என் காலருகே வைத்தாள். பிறகு கெண்டியை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல், என் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள். அரைக்கிண்ணம்தான் ஊற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. பெண்ணுக்கு அதையெல்லாம் தாய்தான் கற்றுத்தர வேண்டும்.