கழுவ வேணாம், நம்ம வீட்டுது

ஹலோ... ஹலோ, மாப்ளே? நான் தான்... ஆமா, மாமா தான் பேசுறேன்... ஆமா ஆமா, ஆஸ்பத்திரியில இருந்து தான்... பதறாத, பதறாத. உங்க அக்கா உயிரோட இருக்கா. முதல்ல அதக் காதுல வாங்கிக்கோ... ம்... ம்... இருக்கா.

எங்க நிக்கிறேனா? ஐ.சி.யூ.வுக்கு வெளிய ஒரு வாஷ் பேசின் இருக்கு, அது பக்கத்துல. இங்க தான் சிக்னல் கிடைக்குது... அந்தச் சத்தமா? குழாய் சொட்டுது. உள்ள வாஷர் தேஞ்சு போச்சு. நாலு நாளா பாக்குறேன், ஒரு பய தொடல. என் டூல்ஸ் பை கையில இருந்தா ரெண்டு நிமிஷ வேலை... சரி, சரி, விட்டுட்டேன். குழாயப் பத்திப் பேசக் கூப்புடல.

நீ எப்ப கிளம்புற?... ஏன்?... யாருக்கு, பாப்பாவுக்கா?... வயித்தாலயா? எத்தன நாளா?... நேத்துலேருந்தா. அடடா... ஸ்கூல் வாசல்ல எதையாவது வாங்கித் தின்னிருக்கும். ஆறு வயசுப் புள்ளைக்கு வாய் சும்மாவா இருக்கும்... தண்ணியக் கொதிக்க வச்சு ஆத்தி, உப்பும் சக்கரையும் போட்டுக் குடுக்கச் சொல்லு உன் பொண்டாட்டிகிட்ட... ஆமா... புரியுதுப்பா. புள்ளைய அப்படி விட்டுட்டு நீ எப்படி வருவ. தங்கச்சி ஒத்தையில என்ன பண்ணும்.

சரி, அப்ப போன்லயே கேட்டுடறேன். நேர்ல கேக்கணும்னு தான் இருந்தேன்... இரு, சொல்றேன். அவசரப்படுத்தாத.

ஒரு பேப்பர் குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடணும்... ஆபரேஷன் இல்ல... இல்லப்பா, ஆபரேஷன் பண்ற நிலைமையில அவ இல்ல. கேளு. உன் கிட்னிய அவ உடம்பு வெளியாள்னு அடிச்சுடாம இருக்க தினம் மாத்திரை போடுவால்ல, காலையில ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ?... ஆமா, அதே தான். அலாரம் வச்சுப் போடுவாளே. அந்த மருந்து தான் கிட்னியக் காப்பாத்துது. ஆனா அதே மருந்து உடம்போட சண்டை போடுற சக்தியையும் கட்டிப் போட்டுடுது. இப்ப ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. மருந்த விட்டா... இரு... மருந்து இருந்தா கிருமி ஜெயிக்கும். மருந்த நிறுத்துனா கிட்னி போகும். பெரிய டாக்டர் காலையில கூப்புட்டு இத தான் சொன்னாரு. "எதாவது ஒண்ணு"ன்னாரு. காய்கறிக் கடையில கேக்குற மாதிரி.

ஆமா... உன்னோடது தான். அது போயிடும்... ஏற்கெனவே முக்கால்வாசி போயிடுச்சு மாப்ளே. நேத்து மத்தியானத்துலேருந்து ஒரு சொட்டு மூத்திரம் இல்ல. அந்தப் பை காலியாத் தொங்குது. நான் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

என்கிட்ட ஏன் கேக்குறீங்கன்னா... உன்கிட்ட கேக்காம யாருகிட்ட கேப்பேன்? அது உன் வயித்துலேருந்து எடுத்தது. சட்டப்படி புருஷன் போட்டாப் போதுமாம். சிஸ்டர் சொல்லுது, "நீங்க போடுங்க சார், அவர எதுக்குக் கேக்கணும்"னு. எனக்குக் கை வரல. ஊரான் பொருள அடகு வைக்கிற மாதிரி இருக்கு.

என்ன?... என்னடா சொல்ற?... உன்னோடது சரியில்லைன்னு யாரு சொன்னா?... அழாத. மாப்ளே, அழாதப்பா... எப்ப?... கல்யாணத்துக்கு முன்னாடி குடிச்சதா? அட, அந்த ஒரு வருஷமா? அதப் போயி டாக்டர்கிட்ட மறைச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் உள்ள வச்சுக்கிட்டா இருந்த?... பைத்தியக்காரா...

...

இருக்கேன். லைன்ல தான் இருக்கேன்.

உண்மையச் சொல்லட்டுமா? "ஆமாப்பா, உன்னோடது கொஞ்சம் வீக்கா இருந்துச்சாம், யாரு என்ன பண்றது"ன்னு சொல்லிடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. சொன்னா நீ நம்பியிருப்ப. ஊரே நம்பியிருக்கும். நான் தப்பிச்சிருப்பேன்... இல்ல, நான் உளறல. கேளு. உன் கிட்னி தங்கம். ஒண்ணேகால் வருஷம் சிங்கம் மாதிரி வேலை செஞ்சுது. கொன்னது நான்.

ஆமா, நான் தான்... பூசி மெழுகத் தெரியாதுப்பா எனக்கு. என் தோட்டம்.

மொட்டை மாடித் தோட்டம் தான், வேற எது?... சொல்றேன், சொல்றேன்.

உங்க அக்கா டயாலிசிஸ்ல இருந்த நாலு வருஷமும் என்ன சாப்புட்டான்னு உனக்குத் தெரியும். காய நறுக்கி வேக வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டி, திரும்ப வேக வச்சு, அதையும் கொட்டி... சக்கை. வெறும் சக்கை. தக்காளிப் பக்கமே போகக் கூடாது. பழம் கிடையாது. குடிக்கிற தண்ணி கூட டம்ளர் கணக்கு. அப்ப நான் ஒரு வைராக்கியம் வச்சேன். இவளுக்குக் கிட்னி கிடைச்ச அன்னிக்கு என் கையால விளைய வச்ச தக்காளிய இவ திங்கணும். கடையில விக்கிறதெல்லாம் மருந்தடிச்ச விஷம், அது இவ வாயில படக் கூடாதுன்னு. முப்பது தொட்டி வச்சேன். உனக்குத் தான் தெரியுமே, வரவங்களை எல்லாம் மாடிக்கு இழுத்துட்டுப் போயி காட்டுவேனே. நீ கூட, "மாமா, எங்கள சாப்பாட்டுக்குக் கூப்புட்டீங்களா, தோட்டம் பாக்கக் கூப்புட்டீங்களா"ன்னு கிண்டல் பண்ணுவியே.

முதல் தக்காளிய செடியிலேருந்து கிள்ளி, என் சட்டையில துடைச்சு அப்படியே குடுத்தேன். கடிச்சா. சாறு முழங்கை வரைக்கும் ஓடுச்சு. கண்ண மூடிக்கிட்டா. "என் தம்பிக்குத் தக்காளின்னா உசுரு, அவன் கிட்னி வந்ததும் எனக்கும் ருசி ஏறிடுச்சு"ன்னா... சிரிக்கிறியா அழறியா நீ?... ம்... எனக்கும் அப்படித் தான் இருக்கு.

டாக்டர் சொன்னாங்களா இல்லையான்னா? சொன்னாங்கப்பா. பேப்பர்லயே இருக்கு. ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன், "எதையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது"ன்னு கொட்டை எழுத்துல. தினம் பத்து தடவ அந்தக் கதவத் திறக்குறேன். ஆனா என் மண்டையில அது வெளிய வாங்குற சாமானுக்குன்னு ஏறிடுச்சு. வீட்டுல விளைஞ்சது எப்படிக் கெடுதல் பண்ணும்? உங்க அக்கா ஒரு தடவ கேட்டா, "கழுவிக் குடுங்களேன்"னு. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "கழுவ வேணாம், நம்ம வீட்டுது"ன்னேன். அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்ல.

இரு, இன்னும் இருக்கு. தண்ணிக் கதைய நீ கேக்கணும்.

கோடையில லாரித் தண்ணி கூட வரல இல்ல, அப்ப செடியெல்லாம் தலை சாஞ்சுடுச்சு. நான் யாரு? இருபத்தெட்டு வருஷமா பைப் வேலை பாக்குறவன். குளிச்சு விட்ட தண்ணி, துணி துவைச்ச தண்ணி ரெண்டையும் பிடிச்சு ஒரு லைன் போட்டேன். பெரிய டிரம்மு, அதுல ஜல்லி, மணல், கரி. அதுல வடிகட்டி, சின்ன மோட்டார் வச்சு மாடிக்கு ஏத்தி, இலை மேலயே மழை மாதிரி தெளிக்கிற மாதிரி ஷவர் தலை வச்சேன். தண்ணி எப்படி வந்துச்சு தெரியுமா? கண்ணாடி மாதிரி. ஒரு வாசனை கிடையாது. நானே சொக்கிப் போயிட்டேன்.

நாலு நாளைக்கு முன்னாடி ஒரு சின்ன வயசு டாக்டரம்மா கேட்டுச்சு, "வீட்டுல என்ன சாப்புட்டாங்க, எங்கேருந்து வந்துச்சு"ன்னு. நான் என்ன பண்ணேன்? பேனாவ வாங்கி, படம் போட்டுக் காட்டுனேன்டா! எங்க வால்வு, எங்க டிரம்மு, எத்தன இஞ்ச் பைப்புன்னு. உள்ள பொண்டாட்டி முனகிக்கிட்டு கிடக்கா, வெளிய நான் பெருமையடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அந்தம்மா பாதியில எழுதுறத நிறுத்திடுச்சு. "குளிச்ச தண்ணியா?"ன்னுச்சு. அவ்வளவு தான் கேட்டுச்சு.

ஒரு பாட்டில் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. கொண்டாந்தேன். தண்ணியோட தெளிவப் பாத்து அவங்களே அசந்துடுவாங்கன்னு நெனச்சுத் தான் கொண்டாந்தேன்... இன்னிக்குக் காலையில ரிசல்ட் வந்துச்சு. பாட்டில்ல இருக்கிறதும் அவ ரத்தத்துல இருக்கிறதும் ஒரே கிருமி.

அடைப்பு எடுக்குறவன்டா நான். கண்ணுக்குத் தெரியுற அழுக்கு தான் எனக்கு அழுக்கு. தெளிஞ்சு வந்துட்டா சுத்தம்னு கைய உதறிட்டு வந்துடுவேன். ஆயிரம் வீட்டுல அப்படித் தான் பண்ணியிருக்கேன். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னு சும்மா வாய் வார்த்தையா சொல்லுவோம். நான் வச்சுக்கிட்டேன்.

...

திட்டு. திட்டேன்டா... நாலு வார்த்த அசிங்கமாத் திட்டிட்டா எனக்கும் மூச்சு வரும்.

...

என்ன? சத்தமாப் பேசு... அவளுக்குத் தெரியுமான்னா? தெரியாது. காலையில அஞ்சு நிமிஷம் கண்ணு முழிச்சா. முகமூடிக்குள்ளேருந்து ஏதோ சொன்னா, காதக் கிட்ட கொண்டு போனேன். "செடிக்குத் தண்ணி விட்டீங்களா"ன்னா. "விட்டேன்"னேன். ரிசல்ட் வந்ததும் வீட்டுக்கு ஓடி மோட்டாரப் புடுங்கி எறிஞ்சுட்டு வந்தேன், நாலு நாளா தண்ணியில்லாம எல்லாம் வாடிக் கிடக்கு. அதப் போயி அவகிட்ட சொல்லவா முடியும்?

நிறுத்துனா பொழைப்பாளான்னா... பாதிக்குப் பாதின்னு கூட அவங்க சொல்லல. கைய விரிக்கல, அவ்வளவு தான். பொழைச்சாலும் திரும்ப டயாலிசிஸ். திரும்ப அந்தச் சக்கை. திரும்ப டம்ளர் தண்ணி. இனிமே யாரு குடுப்பா அவளுக்கு?... நீயா? உளறாத. உன்கிட்ட இருக்கிறது ஒண்ணு. அதையும் கழட்டிக் குடுத்துட்டு... சும்மா இருடா.

யாரு? என்னையா... இதோ சிஸ்டர், ஒரே நிமிஷம். அவ தம்பி தான் லைன்ல... அவங்க தம்பி. குடுத்தவரு... ஆமாம்மா, தெரியுது, நேரம் ஆகுது. தெரியுது.

மாப்ளே, சிஸ்டர் வந்து நிக்குது. என்ன சொல்ற?... ம்... ம்... திரும்பச் சொல்லு... "அது அக்காவுக்குக் குடுத்தது, அக்கா இருந்தாப் போதும்"... ம்... நீ மனுஷன்டா. நீ மனுஷன்.

போடுறேன். இரு, போன தோள்ல இடுக்கிக்கிறேன்... எங்கம்மா, இங்கயா?... இங்கயும் ஒண்ணா... போட்டுட்டேன். போட்டுட்டேன் மாப்ளே. இந்தாங்க சிஸ்டர்... வாங்கிட்டுப் போயிடுச்சு. ஓடுது.

அவ்வளவு தான். முடிஞ்சுது.

சரி, நீ புள்ளையப் பாரு. இங்க வந்தும் வெளிய தான் நிக்கப் போற. உள்ள விட மாட்டாங்க... ம்? என்ன?... ஞாயித்துக்கிழமையா? என்ன ஞாயித்துக்கிழமை?... ஆமா, நீ வந்து பாத்துட்டுப் போன. அன்னிக்குத் தானே அவளுக்கு வயிறு கலங்க ஆரம்பிச்சுது, மறுநாள் இங்க சேத்தோம்... என்ன பை?...

ஐயோ.

ஐயோ, மாப்ளே... ஆமா. பறிச்சுக் குடுத்தேன். அவ திங்கல, வீணாப் போகுதேன்னு... தக்காளி, வெள்ளரி, கொத்தமல்லி, ஒரு பை நிறைய... கழுவினீங்களா? தங்கச்சி கழுவுச்சா?... ஏன் கழுவல?... நான் தான் சொன்னேனா...

ஆமா. நான் தான் சொன்னேன். நீ தெரு முனைக்குப் போனப்புறம் கூட மாடியிலேருந்து கத்திச் சொன்னேன்.

பாப்பா எத்தன தின்னா?... வெள்ளரிய முழுசாவா?... உடம்பு சுடுதா? தொட்டுப் பாரு. இப்பவே பாரு... அப்ப தூக்கு! உப்புத் தண்ணி வேணாம், ஒண்ணும் வேணாம், தூக்கிட்டு ஓடு. டாக்டர்கிட்ட தண்ணிக் கதைய ஒண்ணு விடாம சொல்லு, மறைக்காத. மாமன் பண்ணுன வேலைன்னு சொல்லு. ஓடு... மீதி இருந்தாத் தூக்கிக் கொட்டு, யாரும் தொடாதீங்க...

இரு. வைக்காத. நீ?

நீ சாப்புட்டியா?... பாப்பாவ விடு, உன்னக் கேக்குறேன். தக்காளின்னா உசுருன்னு உங்க அக்கா சொன்னாளே... மாப்ளே, ஏன் பேச மாட்டேங்குற? உனக்கு வயிறு எப்படி இருக்கு?... உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு தான்டா இருக்கு... நீ சாப்புட்டியா, இல்லையா?... ஹலோ... சாப்புட்டியா?... ஹலோ... ஹலோ...