பழைய மருந்து

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலில், எதிர் இருக்கை இளைஞன் நண்பனிடம் சொன்னது காதில் விழுந்ததும் நான் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

"மாமா வச்சிருந்த பழைய மருந்த வாயில கொட்டி, கம்பியால குத்திக் குத்தி எறக்குனோம் மச்சான். வேலைக்கு ஆவல."

பக்கத்திலிருந்த அக்கா பதறினார். "ஐயோ, யாரு வாயிலப்பா?"

"துப்பாக்கி வாயில, அக்கா. திருவிழாவுல சாமி கெளம்பச்சொல்ல சுடுற நாட்டுத் துப்பாக்கி. மருந்து நமுத்துப்போயி, புஸ்ஸுன்னு பொகதான் வந்துது."

"அப்புறம் இன்னாடா பண்ணீங்க?" என்றான் நண்பன்.

"மாமாவே 'டமால்'னு கத்திட்டாரு. பூசாரி காதப் பொத்திக்கினாரு, சாமியும் கெளம்பிடுச்சு. மாமாவுக்குத்தான் தொண்டை கட்டிக்கினு பேச்சே வரல."

பல்லாவரத்தில் இறங்க எழுந்த அக்கா சொன்னார்: "அப்ப மருந்த அவரு வாயில ஊத்துங்கப்பா. புதுசா வாங்கி!"