முகத்துவாரத்தில் முதல் மண்வெட்டி

தலைமை தாங்கும் இறால் வியாபாரி ஜஹாங்கீர் அவர்களே, வலையை உலர்த்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, உலையை இறக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, ‘சீக்கிரம் முடி நைனா’ என்று கண்ணாலேயே சொல்லும் பின்வரிசைத் தோழர்களே, வணக்கம்.

ஆற்றின் வாயை மணல் மூடிக் கிடக்கிறது. கடல்நீர் வரவில்லை; இறால் வரவில்லை; படகுகள் கரையில் கிடக்கின்றன. நாளைக் காலை மணலை வெட்ட வேண்டும். மீன்காரத் தெரு வருகிறது. நெல்லுக்காரத் தெரு வருமா?

நம் ஊர் கழிமேட்டின் வரலாறே இந்த மணலின் வரலாறுதான். வாய் மூடினால் உழவருக்கு மகிழ்ச்சி: உப்புநீர் வயலேறாது. வாய் திறந்தால் வலைஞருக்கு மகிழ்ச்சி: இறால் ஆறேறும். ஒரு தெரு மூடு என்றது, மறு தெரு திற என்றது. சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு தை மாதம். நெல் முற்றி நிற்கிறது. மண்வெட்டியோடு ஒரு தெரு. மணல்மேல் மறித்து உட்கார்ந்து மறு தெரு. பத்திரிகைக்குச் செய்தி எழுதப் போன நான் ‘கலவரம்’ என்று தலைப்பே யோசித்துவிட்டேன். அதைக் கெடுத்தவர், இதோ முன்வரிசையில் சிரிக்கிறாரே, பச்சையம்மா. மீன்காரத் தெருவில் பிறந்து நெல்லுக்காரத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். மண்வெட்டியை ஓங்கிய அண்ணனிடம் கேட்டார்:

“இன்னாண்ணே, எறாவ மட்டும் துன்னுவியா? சோறு வாணாமா? அவ்ளோ அவசரம்னா அருவாள எட்த்துகினு வந்து என் நெல்ல அறு.”

அண்ணன் அரிவாளை எடுத்தார். வலை இழுத்த கைகள் வயலில் இறங்கின. கதிர்க்கட்டுக்கு அவர்கள் போட்டது வலைமுடிச்சு. களத்தில் அதை அவிழ்க்க முடியாமல் உழவர்கள் திணறியது தனிக்கதை. அறுவடை முடிந்ததும் மணலில் முதல் மண்வெட்டி போட்டவர் யார்? உழவர். அன்றிலிருந்து அதுதான் நம் வழக்கம். முதல் கதிர் வலைஞர் கையால். முதல் மண் உழவர் கையால்.

இன்று அந்த வயல்களில் சரக்குப் பெட்டிகள் விளைகின்றன. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நெல்லுக்காரத் தெரு லட்சுமணன் நேற்று என்னிடம் கேட்டார்: “வயலே இல்ல. அப்பால நாங்க இன்னாத்துக்கு வர்ணும்?”

நியாயமான கேள்வி. நானும் ஒன்று கேட்கிறேன், லட்சுமணன். அன்று உங்கள் நெல்லை அறுத்தவருக்கு ஒரு வயல் இருந்ததா? ஒரு வரப்பு இருந்ததா? ஒரு வைக்கோல் துரும்பு இருந்ததா? இல்லை. ஆனாலும் வந்தார். வயல் போகலாம், வரப்பும் போகலாம், வந்து நின்ற உறவு போகுமா?

என்ன லட்சுமணன், எழுந்து நிற்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள்.

“மொத மண்ணு நான் வெட்றேன் நைனா. எறா கொழம்பு உண்டான்னு அத்தையாண்ட கேட்டு சொல்லு.”

உண்டாம். ஆனால் பச்சையம்மா ஒன்று சேர்த்துச் சொல்கிறார்: “கொழம்பு என்னுது. சோறு உன் வூட்லேர்ந்து வர்ணும்.”

கைதட்டல் போதும், கைகளை நாளைக்கு வைத்திருங்கள். மண்வெட்டியோடு வருவோருக்கும் சோற்றுப் பானையோடு வருவோருக்கும் இப்போதே என் நன்றி. விடியலில் முகத்துவாரத்தில் பார்ப்போம். வணக்கம்.