வேகத்துக்காக எடுத்த வரி

"சாச்சாட பேர நான்தான் மச்சான் அழிச்சன்."

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் லெப்டொப் பையோடு இருந்தவன் இப்படிச் சொன்னதும் என் காது தானாக நீண்டது.

பக்கத்திலிருந்த கூட்டாளி சிரித்தான். "என்னடா, வாப்பாட தம்பியோட காணிச் சண்டையா?"

"பகிடி இல்லடா. நாம செஞ்ச டேட்டாபேஸ் எல்லாத்தையும் மெமரியிலதானே வெச்சிரிக்கி. ஒவ்வொரு பதிவையும் உடனே டிஸ்க்கில எழுதச் சொல்ற வரியொண்டு கோட்ல இருந்திச்சே, வேகம் குறையுதெண்டு தூக்கினன்."

"ஓம், நானும் கைதட்டினன்."

"ஆரார் கடலுக்குப் போறாங்கண்டு பதிய மீனவர் சங்கத்தில அதத்தான் பாவிக்கிறாங்க. சாச்சா பதிஞ்சிட்டுக் கடலுக்குப் போன கையோட கரண்ட் போச்சி. கரண்ட் திரும்ப வந்தா, டிஸ்க்குக்குப் போகாத அவர்ட பேர் மட்டும் இல்ல. மறுகா புயல்காத்து வரப்போகுதெண்டு, பதிவில இருந்த போட்டுகளயெல்லாம் ரேடியோவில கூப்பிட்டுக் கரைக்கு எடுத்தாங்க. அவர ஆரும் கூப்பிடல்ல."

கூட்டாளியின் சிரிப்பு நின்றது. "இப்ப?"

"தேடுறாங்க."

"அந்த வரி?"

"திரும்பப் போட்டுட்டன். இனி ஒண்டும் அழியா."

நிந்தவூரைத் தாண்டும்போது அவனுடைய போன் அடித்தது.

"சாச்சாட பொஞ்சாதி, சாச்சி," என்றான், திரையைப் பார்த்து.

அடித்து ஓயும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.