பெரிய வியாழன் தண்ணீர்

தண்ணீர் விஷயத்தில் நான் ரொம்பச் சுத்தக்காரன், இன்ஸ்பெக்டர் ஐயா. சுதந்திரம் வந்த வருஷம் மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வேலைக்கு வந்தேன். அன்றிலிருந்து தீர்த்தத் தொட்டியில் கொசு முட்டையிட்டதில்லை. வந்த கொசுவையும் பாவசங்கீர்த்தனம் செய்யவைத்துத்தான் அனுப்பினேன்.

என் வீட்டுக்காரி யாகப்பம்மாள், படகு முதலாளி சம்மாட்டி அருளானந்தத்திடம் அட்டை கழுவினாள். அவித்த கடல் அட்டையை மணல் குழியில் புதைத்து, தோல் அழுகியதும் குழியில் ஊறி நிற்கும் தண்ணீரிலேயே இறங்கித் தேய்க்கிற வேலை. சிப்பி கிழித்துக் கையில் புண். சர்க்கரை வியாதி வேறு. இன்றைக்கு வேண்டாமே என்றாள்.

"உப்புத்தண்ணி பட்டாத்தான் ஆறும். எறங்கு புள்ள" என்றார் சம்மாட்டி.

மறுநாள் கை கருத்துக் கொப்புளம் கட்டியது. அவள் அண்ணன் கில்பர்ட்தான் சாயல்குடி வரை தோளில் தூக்கிப் போய் இராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றினான்.

"அழுகல் தண்ணிக் கிருமி. திடமான ஒடம்பை ஒண்ணும் செய்யாது. சர்க்கரைக்காரங்கன்னா புண்ணு வழியா ஏறிடும்" என்றார் டாக்டர். ஏறிவிட்டது.

அடக்கத்துக்குச் சம்மாட்டி வந்தார். "ஏலே, எனக்கு வந்த பெரிய மனுசன் வியாதி, இந்தச் சக்கரை, ஒம் பொண்டாட்டிக்கு எப்படிலே வந்துச்சு?" சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வந்ததாக எழுதிவிடாதீர்கள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். முதல் நாற்காலி எப்போதும் சம்மாட்டிக்கு. குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. தண்ணீர் நிரப்பி வைப்பது என் பொறுப்பு. அட்டைக் குழியில் மொண்டு, பன்னீர் கலந்தேன். வடிகட்டாமல் வைக்க மனசு கேட்கவில்லை, துணியில் வடிகட்டினேன்.

"வாசம் தூக்குதுலே" என்று சம்மாட்டியே மெச்சினார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்கா மணி அடிக்கையில் அவருக்கு முழங்கால் வரை கருத்திருந்தது. திங்கட்கிழமை துக்கமணி அடித்தேன். சாயங்காலம் இன்னொரு தடவை அடித்தேன்.

அது கில்பர்ட்டுக்கு. அவனும் அந்தப் பன்னிரண்டில் ஒருவன்.

நான் ஓரவஞ்சனை செய்யவில்லை, ஐயா. எல்லாருக்கும் ஒரே தண்ணீர். பத்துப் பேர் நன்றாக இருக்கிறார்கள். கழுவிவிட்ட சாமியார் கையில்கூட ஒரு சிரங்கு இல்லை. கில்பர்ட்டுக்குச் சர்க்கரை இருந்தது அவனுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்? பாதத்தில் முள் குத்தியிருந்ததையாவது மச்சான் சொல்லியிருக்கலாம்.

புண்ணை வைத்துக்கொண்டு யாராவது தண்ணீரில் கால் வைப்பார்களா?