என் முன்பல்லுக்கு முடிசூட்டு விழா

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே! அனுபவத்தில் பழுத்த பெரியோர்களே! வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே பஞ்சையும் வைத்துவிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரிக்கும் பல் மருத்துவப் பெருமக்களே! இவர்களைப் பெற்ற பாவத்துக்கு ஆசையாய் ஒரு மிட்டாய்கூடத் தின்ன முடியாமல் தவிக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம். பல்லோடு கூடிய வணக்கம்!

பலமாகக் கைதட்டாதீர்கள் ஐயா. காலையில்தான் ஒட்டினார்கள்.

தாடை எலும்பில் பதித்த இம்ப்ளாண்ட் என்னும் செயற்கை வேரின் மேல், பல்லின் கிரீடமாகிய கேப்பை எந்த முறையில் ஒட்டுவது? இதைப் பேச, மேடையில் வாயை வைத்துப் பிழைக்கும் என்னை ஏன் அழைத்தீர்கள்? என் மகன் பல் மருத்துவர். என் மருமகளும் பல் மருத்துவர். இருவருக்கும் கட்சி வேறு, தொகுதி ஒன்று. அந்தத் தொகுதி என் வாய்!

முன்பல் போன பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமா? "சகோதர சகோதரிகளே" என்று முழங்கினால் விசில் வந்தது. வீரம் பேசினால் கூட்டம் சிரித்தது. ஒரு கை எப்போதும் வாயை மறைத்தபடியே இருந்ததால், ஒற்றைக் கையால் வணக்கம் வைத்தேன். கண்ணாடி முன் நின்று அழுதேன் ஐயா, உண்மையாகவே அழுதேன். இந்த மேடையிலும் விசில் வந்தால் இனி மேடையே ஏறுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

மகன் முறை என்ன? கேப் நிறையச் சிமெண்ட் வை, அழுத்து, வழியட்டும், வழித்தெடு. "நிறைய வச்சாத்தாம்மா கழண்டு வராது" என்பான். என் கடைவாயில் அப்படித்தான் ஒரு பல் வைத்தான். வழிந்ததில் கொஞ்சம் ஈறுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. ஈறு வீங்கி நான் கஞ்சிக்கு வந்தேன்.

மருமகள் முறை என்ன? வாய்க்குள் கேப்பைத் தாங்கும் முளையைப் போலவே வெளியே மாதிரிக்கு ஒரு முளை. சிமெண்ட் தடவிய கேப்பை முதலில் அதில் அழுத்தி எடு. மிச்சமெல்லாம் வெளியிலேயே வழிந்துவிடும், உள்ளே மெல்லிய பூச்சு மட்டும் நிற்கும். உடனே வாயில் வை. அதுவும் தற்காலிகச் சிமெண்ட். "அடியில திருகு லூசானா கழட்டணும்ல அத்தை?"

இன்று காலை நாற்காலியில் நான். மருமகள் கேப்பை மாதிரியில் அழுத்தினாள். எடுப்பதற்குள் மகன் குறுக்கே புகுந்தான்.

"இவ்வளவு கம்மியா வச்சா நிக்குமா?"

"நிக்கும். உங்கள மாதிரி வச்சாத்தான் வீங்கும்."

"அந்த வீக்கத்தை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக் காட்டுவே?"

"அத்தை சாப்பிட முடியாம கிடந்தாங்களே, மறந்துட்டீங்களா?"

நான் "ஆ... ஆ..." என்று கையை ஆட்டுகிறேன். யார் பார்த்தார்கள்? சண்டை சூடு பிடித்தது, சிமெண்ட் இறுகிப் பிடித்தது! என் வாயில் ஒட்டவேண்டிய கேப், மாதிரியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

மேடைக்கோ நேரமாகிறது. பல்லோ தட்டில் கிடக்கிறது. அழுவதா, சிரிப்பதா? சிரித்துவிட்டேன்! மாதக்கணக்கில் அடக்கிய சிரிப்பையெல்லாம் சேர்த்து, ஓட்டை தெரியத் தெரியச் சிரித்தேன். இருவரும் சண்டையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

தற்காலிகச் சிமெண்ட் அல்லவா? மகன் பக்குவமாகத் தட்டினான், கேப் கையோடு வந்தது. சுத்தம் செய்து மறுபடி தொடங்கினார்கள். இம்முறை மாதிரியில் அழுத்தி எடுத்து என் வாயில் வைத்தவன் மகன். ஈறோரம் துடைத்தவள் மருமகள். பேச்சு மூச்சில்லை. பல் நின்றது!

ஆகவே அவையோரே, என் வாக்கு மருமகள் கட்சிக்கே! முன்வரிசையில் ஏன் முகம் சுருங்குகிறது, மகனே? ஒட்டிய கை உன்னுடையதுதானே? நிறையப் பூசினால் நிலைக்குமா? சிமெண்டானால் என்ன, பாசமானால் என்ன, வழிகிற அளவுக்கு வைத்தால் எங்கேயோ போய் வீங்காதா? பொருத்தம் சரியாக இருந்தால் பூச்சு போதும். பூசியபின் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கவேண்டும். இது எனக்கும் சேர்த்துத்தான்.

எழுதிக் கொண்டுவந்த பேச்சு இன்னும் பாதி இருக்கிறது. அதை வழித்தெறிகிறேன். சகித்துக்கொண்ட சகோதர சகோதரிகளே, விசில் வந்ததா? வரவில்லை! நன்றி சொல்லி விடைபெறுகிறேன். இதோ பாருங்கள், இரண்டு கைகளையும் கூப்பி, வணக்கம்!