பத்தடி மன்னிப்பு

உக்குவளையில் ரயிலேறிய இருவர், கல்லூரி ரக்பி அணியின் ஜெர்சியோடு என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் சுருட்டிய பேனர்.

“பேப்பர்காரன் கேட்ட மன்னிப்பைப் பத்தடிக்குப் பெருசாக்கிட்டேன் மச்சான்,” என்றார் அவர்.

“மரண அறிவித்தலுக்குக் கீழ ரெண்டு விரல் அகலத்துலதானே போட்டிருந்தான்?”

“நம்ம கோச் மேட்சை வித்துட்டாருன்னு எழுதினப்போ மட்டும் முதல் பக்கம் முழுக்கப் போட்டான். அவரு மானநஷ்ட வழக்குப் போட்டு ஜெயிச்சதும் எழுத்து சுருங்கிருச்சு. இன்னைக்கு கிரவுண்ட் வாசல்லயே கட்டுறோம்!”

“அந்த மேட்சுல நாப்பது பாயிண்ட்ல தோத்தோமே, அதையும் போட்டியா?”

“பின்ன? அதுதான் மேல கொட்டை எழுத்துல இருக்கு. யாரும் காசு வாங்கல, சொந்தத் திறமையிலதான் தோத்தோம்னு கோர்ட்டே சொல்லிருச்சு!”